தேடும்போது கைகோக்கிறோம், பராமரிக்கும்போது ஏன் இல்லை?

2016 ஜூலை 22 காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப் படையின் ஏஎன்-32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலின் மேல் மறைந்துபோனது. ஏழாண்டுகளுக்கு மேல் கழிந்து, 2024 ஜனவரியில்தான் அதன் சிதைவுகளின் படங்கள் வெளிவந்தன. சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அவை கிடந்தன. படமெடுத்தது, பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம். அது புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் உள்ள ஆராய்ச்சி நிறுவனம். பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தது அல்ல. ஏஎன்-32 மறைவதற்கு ஓராண்டு முன்பு, 2015 ஜூன் 8 அன்று, சென்னையிலிருந்து ரோந்து சென்ற கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் மூன்று பேருடன் தமிழகக் கரைக்கு அப்பால் விழுந்தது. ஒரு மாதத் தேடலுக்குப் பிறகு அதன் பாகங்களைக் கடலடியிலிருந்து கண்டெடுக்க உதவியது, ரிலையன்ஸ் நிறுவனம் பயன்படுத்திவந்த ‘ஒலிம்பிக் கேன்யன்’ என்ற கப்பல். விமானம் விழுந்துவிட்டால் சீருடை அணிந்தவர், அணியாதவர் என்ற வேறுபாட்டை நாம் பார்ப்பதில்லை. யாரிடம் கருவி இருக்கிறதோ அவரைக் கூப்பிடுகிறோம். அவரும் உடனே வருகிறார். அந்த விமானம் பறக்கத் தகுதியோடு இருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டிய வேலையில் மட்டும் ராணுவ உலகமும் சிவில் உலகமும் இரண்டு மூடிய அறைகளாக இருக்கின்றன.

இந்தச் சுவரைத் திறக்க வேண்டிய நேரம் இது. விமானப் படைக்கு 56 சி-295 போக்குவரத்து விமானங்களை வாங்க 2021 செப்டம்பரில் சுமார் 21,935 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமானது. ஸ்பெயினின் செவில் நகரில் ஏர்பஸ் உருவாக்கிய 16 விமானங்கள் 2025 ஆகஸ்டுக்குள் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. எஞ்சிய 40 விமானங்களை வடோதராவில் டாடா நிறுவனம் தயாரிக்கிறது. இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனம் முழு ராணுவ விமானம் ஒன்றை உருவாக்குவது இதுவே முதல் முறை. இத்தனை விமானங்களையும் முழுதாகப் பிரித்துச் சோதிக்கும் உயர்நிலைப் பராமரிப்பு மையம் ஒன்றும் விநியோகம் முடிவதற்குள் இந்தியாவில் அமைய வேண்டும் என்று ஒப்பந்தத்தின்போதே அரசு அறிவித்தது. அந்த மையம் எந்த விதிகளின்படி நடக்கும், அதற்கு யார் உரிமம் தருவார், அங்கே கண்டுபிடிக்கப்படும் குறைகள் யார் யாருக்குத் தெரியும் என்பவை இன்னும் பொது விவாதத்துக்கே வரவில்லை. விமானத்தின் விலை பற்றியும் தொழிற்சாலையில் கிடைக்கும் வேலைவாய்ப்பு பற்றியும் நிறையப் பேசினோம். அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகள் அதில் ஏறப்போகும் வீரர்களின் உயிர், பேசாமல் விட்ட இந்தக் கேள்விகளில் இருக்கிறது.

சி-295 விமானத்தை இழுப்பவை பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனத்தின் பிடபிள்யூ127 குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு இன்ஜின்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் ஏடிஆர்-72 பயணிகள் விமானத்திலும் இதே குடும்ப இன்ஜின்தான். மாதிரிகள் சற்று வேறுபடும், அடிப்படை ஒன்றே. இந்த இன்ஜின் எங்கே, எப்படிப் பழுதாகும் என்பதை உலகம் பெருமளவு சிவில் விமானங்களிடமிருந்தே கற்றது. 2015 பிப்ரவரியில் தைபேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர்-72 ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள். ஒரு மின்னணுக் கருவியில் பற்றவைப்பு விட்டுப்போய் ஓர் இன்ஜினின் புரொப்பல்லர் தானாக இழுவையை விட்டது; விமானிகள் பதற்றத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற இன்ஜினை அணைத்துவிட்டார்கள். 2016 டிசம்பர் 7 அன்று பாகிஸ்தானில் சித்ராலிலிருந்து இஸ்லாமாபாத் சென்ற ஏடிஆர்-42 விழுந்து 47 பேர் இறந்ததற்குப் பராமரிப்பே மூலம். பத்தாயிரம் மணி நேரம் ஓடிய பழைய வகை டர்பைன் பிளேடுகளை, இன்ஜினைத் திறக்கும் அடுத்த வாய்ப்பில் மாற்றிவிட வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். விபத்துக்குச் சில வாரங்கள் முன்பு அந்த இன்ஜின் திறக்கப்பட்டும் பிளேடுகள் மாற்றப்படவில்லை. இரண்டு விசாரணை அறிக்கைகளும் வெளியாயின. உலகில் யாரும் படிக்கலாம். நாளை ஆக்ராவிலோ வடோதராவிலோ சி-295 இன்ஜினைத் திறக்கும் விமானப் படைத் தொழில்நுட்பர் அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள முடியும். ஆனால், அவர் அங்கே ஒரு புதிய கீறலைக் கண்டுபிடித்தால் அந்தச் செய்தி தூத்துக்குடி விமானத்தைப் பராமரிப்பவருக்குப் போய்ச் சேருமா? அதற்கென்று நிலையான, கட்டாயமான வழி எதுவும் நம்மிடம் இல்லை. தயாரிப்பாளர் வழியாகச் சுற்றி வந்தால் உண்டு.

இந்த ஒருவழிப் பாதையின் விலையை அமெரிக்கா கொடுத்திருக்கிறது. 2017 ஜூலை 10 அன்று அமெரிக்க மரைன் படையின் கேசி-130டி விமானம் மிசிசிப்பி மாநிலத்தின் மேல் உடைந்து விழுந்து 16 பேரும் இறந்தார்கள். புரொப்பல்லர் பிளேடு ஒன்று நடுவானில் கழன்று விமானத்தின் உடலைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. அந்த பிளேடின் உட்புறத்தில் இருந்த அரிப்புக் குழியிலிருந்து விரிசல் வளர்ந்திருக்கிறது. 2011-ல் ஜார்ஜியா மாநிலத்தின் விமானப் படைப் பணிமனையில் ஓவர்ஹால் செய்யப்பட்டபோதே அந்த அரிப்பு இருந்தது, அங்கே அது நீக்கப்படாமல் விடப்பட்டது என்று விசாரணை கண்டது. ஒரு ராணுவக் கிளை இன்னொரு ராணுவக் கிளைக்குச் செய்துகொடுத்த வேலை அது. இடையில் வெளியாள் யாரும் இல்லை. அதே வகைப் புரொப்பல்லர் சிவில் விமானங்களிலும் சுழன்றுகொண்டிருந்தது. இந்த ராணுவ விபத்தைக் காரணம் காட்டி, சிவில் விமானங்களில் உள்ள பழைய பிளேடுகளையும் சோதிக்கும்படி அமெரிக்க சிவில் விமான ஒழுங்காற்று அமைப்பான எஃப்ஏஏ பின்னாளில் உத்தரவிட்டது. 2022-ல் அதே வகைப் புரொப்பல்லரில் விரிசல்கள் தெரியவந்து, அமெரிக்க விமானப் படை நூற்றுக்கும் மேற்பட்ட பழைய சி-130 விமானங்களைத் தரையில் நிறுத்தியது. உலோகத்துக்கு உரிமையாளர் யார் என்று தெரியாது. அரிப்பு, ஈரமும் உப்பும் காலமும் சேர்ந்த இடத்தில் வளரும்.

எதிர்த்திசையிலும் இதே கதை நடந்திருக்கிறது. ராணுவம் கழித்துவிட்ட ஆரம்பகால சி-130ஏ விமானங்களை அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கப் பயன்படுத்தினார்கள். 2002 ஜூன் 17 அன்று கலிபோர்னியாவின் வாக்கர் என்ற ஊருக்கு அருகில், தீத்தடுப்புக் கலவையைக் கொட்டிக்கொண்டிருந்த அத்தகைய விமானம் ஒன்றின் இரண்டு இறக்கைகளும் மடங்கி முறிந்தன, மூவர் இறந்தார்கள். இறக்கையின் அடிப்பகுதியில் உலோகச் சோர்வால் வளர்ந்த விரிசல்களே காரணம். அதன் பிறகுதான் 1994-ல் பியர்பிளாசம் அருகே விழுந்த அதே வகை விமானத்தின் பாகங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். எரிபொருள் வெடிப்பு என்று முதலில் நினைத்த அந்த விபத்திலும் இறக்கையில் இதே வகை விரிசல் இருந்தது தெரிந்தது. எட்டு ஆண்டுகளாக எச்சரிக்கை கையிலேயே கிடந்தும் யாரும் அதைப் படிக்கவில்லை. விமானத்தை வடிவமைத்த ராணுவ உலகத்தின் அறிவு, அதைத் தீக்கு மேல் தாழ்வாகவும் முரட்டுத்தனமாகவும் ஓட்டிய சிவில் நிறுவனத்திடம் இல்லை. அந்தப் புதிய பயன்பாடு இறக்கையில் ஏற்றும் சுமையை அளந்து பராமரிப்புத் திட்டத்தை மாற்றும் பொறுப்பை யாரும் ஏற்கவும் இல்லை. ராணுவத்துக்கும் சிவிலுக்கும் நடுவே விழுந்த பொறுப்பு அது.

நம்முடைய ஏஎன்-32 விமானங்களின் நிலையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 1984 முதல் நம் படையில் இருக்கும் இவைதான் லே, டவுலத் பெக் ஓல்டி போன்ற உயர்ந்த தளங்களுக்கும் அருணாச்சலத்தின் குறுகிய ஓடுதளங்களுக்கும் உணவும் ஆட்களும் சுமந்தவை. அவற்றை ஓட்டியவர்கள், பழுதுபார்த்தவர்கள் ஆகிய இரு சாராரின் திறமையும் பெரிது. ஆனால், இந்த விமானத்துக்கு உலகில் பெரிய சிவில் குடும்பம் கிடையாது. ஆயிரக்கணக்கில் பறந்து, ஒவ்வொரு பழுதையும் பொதுவில் பதிவுசெய்யும் உடன்பிறப்புகள் அதற்கு இல்லை. 2009-ல் உக்ரைனுடன் 105 விமானங்களை நவீனப்படுத்த ஒப்பந்தம் போட்டோம். 40 விமானங்கள் அங்கே போய்த் திரும்பின. மீதியைக் கான்பூரில் உள்ள நம் பணிமனையில் செய்வதாகத் திட்டம். 2014-க்குப் பிறகு உக்ரைனும் ரஷ்யாவும் மோதிக்கொள்ள, இரு நாடுகளிலும் வேர் கொண்ட ஒரு விமானத்துக்கு உதிரி பாகம் பெறுவதே சிக்கலானது. 2019 ஜூன் 3 அன்று ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுகாவுக்குப் போன ஏஎன்-32 மலையில் மோதி 13 பேர் இறந்தார்கள். தாம்பரத்திலிருந்து போனதும் மெச்சுகாவுக்குப் போனதும் பராமரிப்புக் குறையால் விழுந்தவை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ராணுவ விமான விபத்துகளின் விசாரணை அறிக்கைகள் இங்கே வெளியிடப்படுவதில்லை என்பதால் ஆம் என்றும் இல்லை என்றும் வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது என்பதைத்தான் சொல்கிறேன். சிவில் விமானம் விழுந்தால் விமான விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை பொதுவெளிக்கு வருகிறது. படை விமானம் விழுந்தால் கோர்ட் ஆஃப் என்கொயரியின் முடிவு கோப்புக்குள் போகிறது. இறந்தவரின் குடும்பத்துக்கும், அதே பாகத்தைப் பயன்படுத்தும் மற்ற விமானக்காரர்களுக்கும் அந்தக் கோப்பு திறப்பதில்லை.

ஒத்துழைப்பு அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் போயிங் 737-லிருந்து பிறந்தவை. அவற்றின் பெரிய பராமரிப்புச் சோதனைகள் ஓசூரில் உள்ள ஏர் வொர்க்ஸ் நிறுவனத்தின் ஹேங்கரில் நடந்திருக்கின்றன. குடியரசுத் தலைவரும் பிரதமரும் பயணிக்கும் இரண்டு போயிங் 777 விமானங்களை ஓட்டுபவர்கள் விமானப் படை விமானிகள். பராமரிப்பது ஏர் இந்தியாவிலிருந்து பிரிந்த அரசுப் பொறியியல் நிறுவனம். 2018-ல் ஏஎன்-32 விமானம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள் கலந்து பறந்தபோது, டேராடூனில் உள்ள சிவில் ஆய்வகமும் விமானப் படையும் ராணுவ வான்தகுதிச் சான்றளிக்கும் செமிலாக் அமைப்பும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்தன. 2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், பாதுகாப்புத் துறைப் பராமரிப்பையும் சிவில் பராமரிப்பையும் ஒருங்கிணைப்பதாக அறிவித்தார். அந்த ஆண்டே பராமரிப்புப் பணிகளுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. இவை எல்லாம் நல்லவை. ஆனால், அந்த அறிவிப்பின் மொழியைப் பாருங்கள்: அளவு பெருகினால் செலவு குறையும் என்பதே அதன் முழு வாதம். ஒத்துழைப்பை நாம் இதுவரை ஹேங்கரை வாடகைக்குப் பகிர்வதாகவே புரிந்துகொண்டிருக்கிறோம். பகிரப்பட வேண்டியது முதலில் பழுதுகள் பற்றிய அறிவு. அடுத்தது, ‘இந்த விமானம் இன்று பறக்கக் கூடாது’ என்று சொல்லும் அதிகாரம், அதைப் பறக்கவிட வேண்டிய அவசரத்தில் இருப்பவரிடமிருந்து தள்ளி நிற்பது. இவ்விரண்டும் இல்லாமல் ஹேங்கரை மட்டும் பகிர்ந்தால் செலவு குறையும், ஆபத்து குறையாது.

இதை பிரிட்டன் மிகக் கசப்பாகக் கற்றது. 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானின் கந்தஹார் அருகே நிம்ராட் என்ற விமானம் தீப்பற்றி வெடித்து 14 பேர் இறந்தார்கள். காமெட் என்ற பழைய பயணிகள் விமானத்திலிருந்து உருவான கண்காணிப்பு விமானம் அது. நடுவானில் எரிபொருள் நிரப்பும் வசதி உட்பட, பல ஆண்டுகளில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்த மாற்றங்களால் எரிபொருள் கசியும் இடமும் சூடான குழாயும் அருகருகே வந்துவிட்டிருந்தன. 2009 அக்டோபரில் வெளியான சார்லஸ் ஹேடன்-கேவ் அறிக்கை விமானத்தின் குழாய்களோடு நிற்கவில்லை; அந்த விமானத்துக்குப் பாதுகாப்புச் சான்று தயாரித்த முறையையே கிழித்துக் காட்டியது. சான்று தயாரிக்கும் வேலை ஒரு பெரிய தனியார் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டிருந்தது. அதைச் சரிபார்க்க இன்னொரு நிறுவனம். கணிசமான அபாயங்கள் ஆராயப்படாமலே வேலை முடிந்ததாகக் கையெழுத்தானது. முப்பது ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருக்கும் விமானம் எப்படியும் பாதுகாப்பானதுதான் என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் முன்கூட்டியே இருந்தது. அதே காலத்தில் ராணுவத் தலைமை செலவுக் குறைப்பிலும் நிர்வாக மாற்றங்களிலும் மூழ்கியிருந்தது. ‘தனியாரிடம் கொடுத்தால் தரம் தானாக வரும்’ என்று நம்புவோர் படிக்க வேண்டிய அறிக்கை இது. பணம் கொடுத்து வரவழைக்கும் வெளியாள் சுதந்திரமான ஆள் ஆகிவிட மாட்டார். அந்த அறிக்கையின் விளைவாக 2010-ல் பிரிட்டன், படைகளின் பறக்கும் அவசரத்துக்குக் கட்டுப்படாத ராணுவ விமான ஒழுங்காற்று அமைப்பு ஒன்றை உருவாக்கியது. ஒவ்வொரு விமான வகையின் பாதுகாப்புக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்றும் வைத்தது.

ஐரோப்பா இன்னொரு வழியிலும் முன்னேறியது. ஒவ்வொரு நாடும் தனித்தனி ராணுவ விதிகள் எழுதுவதை விட்டு, சிவில் விமான விதிகளின் சட்டகத்தையே எடுத்து ராணுவத்துக்கு ஏற்ற பொது விதிகளை வகுத்தன ஐரோப்பிய நாடுகள். பணிமனைக்கு உரிமம் தரும் விதியும் வடிவமைப்பு நிறுவனத்தை அங்கீகரிக்கும் விதியும் எண் உட்பட ஒரே வரிசையில் அமைந்தன. ஆஸ்திரேலியா 2016-ல் இதையே தழுவிக்கொண்டது. இதனால் சிவில் உரிமம் பெற்ற பணிமனை ராணுவ வேலைக்கு வரும்போது பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எங்கே வேறுபாடு இருக்கிறதோ அங்கே மட்டும் கூடுதலாக நிரூபித்தால் போதும். ஏர்பஸ் ஏ400எம் என்ற ராணுவப் போக்குவரத்து விமானம் ஐரோப்பிய சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழையும் பெற்றுத்தான் படைகளுக்குப் போனது. 2016-ல் அதன் புரொப்பல்லர் கியர்பாக்ஸில் விரிசல் பிரச்சினை வந்தபோது, அந்த சிவில் அமைப்பு சோதனை உத்தரவைப் பகிரங்கமாகவே வெளியிட்டது. ஒரு ராணுவ விமானத்தின் கோளாறு உலகறியப் பேசப்பட்டது. ஜெர்மனியோ பிரான்ஸோ பிரிட்டனோ அதனால் பாதுகாப்பு இழக்கவில்லை.

இங்கேதான் முதல் ஆட்சேபம் எழும்: ராணுவ விமானத்தைப் பற்றிய தகவல் வெளியே போனால் எதிரிக்குப் பயன்படாதா? பயன்படும் தகவல் உண்டு. நம் சி-295 விமானங்களில் பொருத்தப்படும் உள்நாட்டு மின்னணுப் போர்க் கருவிகள், ரேடியோ, பயணத் திட்டங்கள், ஒரு தளத்தில் எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்கின்றன என்ற எண்ணிக்கை ஆகியவை மூடியே இருக்க வேண்டும். தரையிறங்கு சக்கரத்தின் தாங்கியில் எத்தனை மணி நேரத்தில் விரிசல் வந்தது என்பது அந்த வகையைச் சேராது. விமானத்தின் எண், தளத்தின் பெயர், தேதி ஆகியவற்றை நீக்கிவிட்டு பாகத்தின் எண், ஓடிய நேரம், பழுதின் தன்மை ஆகியவற்றை மட்டும் பகிர முடியும். அமெரிக்கப் படைகள் மிசிசிப்பி விபத்தின் அறிக்கையை வெளியிட்டன. அவர்களைவிட ரகசியம் காக்க வேண்டிய அவசியம் நமக்கு அதிகம் என்று நான் நினைக்கவில்லை. ரகசியம் என்ற சொல், பல நேரங்களில் நாட்டைக் காப்பதைவிடப் பணிமனையின் தவறைக் காக்கவே பயன்படுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. லேயில் மெல்லிய காற்றில் ஏறும் விமானமும், மெச்சுகாவின் குறுகிய ஓடுதளத்தில் இறங்கும் விமானமும், சென்னை-தூத்துக்குடி விமானமும் ஒரே வாழ்க்கை வாழ்வதில்லை. சிவில் விதிகளை அப்படியே போட்டால் ஒன்று விமானம் பறக்கவே முடியாது, அல்லது சிவில் கணக்கை நம்பி ராணுவ விமானத்தின் ஆயுளைத் தவறாக அளப்போம். இது உண்மை. வாக்கரில் முறிந்த இறக்கை காட்டுவதும் இதையே: பயன்பாடு மாறினால் பழைய அட்டவணை செல்லாது. ஆகவேதான் சிவில் தரவை முடிவாக எடுக்காமல் தொடக்கமாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு சி-295 விமானமும் எவ்வளவு எடையோடு, எந்த உயரத்தில், எத்தகைய ஓடுதளத்தில் இறங்கியது என்ற பதிவு தனித்தனியாகச் சேர்ந்தால்தான், ஒன்றின் இறக்கை இன்னொன்றைவிட வேகமாகக் களைக்கிறதா என்று தெரியும். இந்தப் பகுப்பாய்வில் விமானத் தயாரிப்பாளர்களுக்கும் பயணிகள் விமான நிறுவனங்களுக்கும் நீண்ட பழக்கம் உண்டு. படைக்கு மட்டுமே உரிய பயணங்களின் அறிவு படையிடம் இருக்கிறது. இரண்டும் சேராவிட்டால் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.

போர் வந்தால் சிவில் தொழில்நுட்பர் எல்லைக்கு வருவாரா, வேலைநிறுத்தம் செய்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களும் உண்டு. அன்றாடப் பராமரிப்பும் முன்னணித் தளங்களில் செய்யும் பழுதுபார்ப்பும் சீருடை அணிந்தவர்களிடமே இருக்க வேண்டும். அந்தத் திறமையைக் கைவிடச் சொல்லும் எந்தத் திட்டமும் ஆபத்தானது. விமானம் வாரக்கணக்கில் ஹேங்கரில் பிரிந்து கிடக்கும் பெரிய சோதனைகளைத்தான் பகிர வேண்டும். அங்கேயும் விமானப் படையினர் அருகிலிருந்து கையை வேலையில் வைத்திருக்க வேண்டும். போர்க்காலத்தில், விதி அனுமதிக்காத விமானத்தையும் பறக்கவிட வேண்டிய கட்டாயம் ஒரு தளபதிக்கு வரலாம். அந்த உரிமை அவருக்கு இருக்கட்டும். ஆனால், எந்தக் குறையை அறிந்து, எந்த அவசியத்துக்காக அனுமதித்தார் என்று அவர் தன் பெயரில் எழுதி வைக்க வேண்டும். சாதாரண நாளில் அதே விலக்கு வழக்கமாகிவிடாமல் தடுப்பதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சிவில் ஒழுங்காற்று அமைப்புகளே ஒழுங்காக இருக்கின்றனவா என்ற கேள்விதான் எனக்கு மிகவும் கடினமானது. போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் இறந்தார்கள். தயாரிப்பாளர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள அமெரிக்க சிவில் அமைப்பு விட்டுக்கொடுத்திருந்தது. நம் சிவில் விமான ஒழுங்காற்று அமைப்பான டிஜிசிஏ-வில் ஏறத்தாழ பாதிப் பணியிடங்கள் காலியாக இருப்பதை 2025-ல் நாடாளுமன்றக் குழுவே சுட்டிக்காட்டியது. தன் வேலைக்கே ஆள் போதாத அமைப்பிடம் ராணுவ விமானத்தையும் ஏற்றுவது பொறுப்பற்றது. அதனால் ராணுவ விமானங்களை டிஜிசிஏ-வின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டமும், அதற்கு முந்தைய 1934 சட்டம்போலவே, படை விமானங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு தொடரலாம். ஆனால், மேக்ஸ் விவகாரத்தில் தவறு வெளியே வந்ததும், வேறு நாடுகளின் அமைப்புகள் அமெரிக்காவை மீறி விமானத்தைத் தரையில் நிறுத்தியதும், பல கண்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் நடந்தவை. நம் ராணுவப் போக்குவரத்து விமானங்களை இன்று பார்ப்பது ஒரே அமைச்சகத்தின் கண்கள். வான்தகுதிச் சான்றளிக்கும் செமிலாக் அமைப்பு, ராணுவக் கருவிகளை வடிவமைக்கும் டிஆர்டிஓ-வின் அங்கம். தரம் பார்க்கும் இயக்குநரகம் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கீழ் இருக்கிறது. பராமரிப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட விமானப் படையின் பராமரிப்புக் கட்டளைப் பிரிவு. இவற்றில் பணிபுரியும் பொறியாளர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது அந்தச் சொல் யாருடைய மேசையில் போய் நிற்கிறது என்பதே கேள்வி.

வடோதராவிலிருந்து விமானங்கள் வெளிவரும் இந்தக் காலத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. சி-295 பராமரிப்பு மையத்துக்கு ராணுவ உரிமமும் டிஜிசிஏ-வின் பராமரிப்பு நிறுவன உரிமமும் சேர்த்தே பெற வேண்டும் என்று அரசு நிபந்தனை விதிக்கலாம். 2021-ல் வகுக்கப்பட்ட ராணுவ வான்தகுதி விதிகள் நிறுவனங்களை அங்கீகரிக்கும் முறையை ஏற்கெனவே கொண்டிருக்கின்றன. அவற்றை டிஜிசிஏ விதிகளோடு ஒப்பிட்டு, பொதுவானவை எவை, வேறுபடுபவை எவை என்று ஒரு பட்டியல் போட்டால் பாதி வழி கடந்துவிடும். இந்தப் பகுதியின் மற்ற நாடுகளும் தம் சி-295 விமானங்களை இங்கே அனுப்ப வேண்டும் என்று விரும்புகிறோம். நம் ராணுவத்தின் கையெழுத்தை மட்டும் நம்பி அவை வரமாட்டா. டோர்னியர் அனுபவம் இதற்கு எச்சரிக்கை. கான்பூரில் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். 1980-களிலிருந்து படைகளுக்கு டோர்னியர்-228 செய்துவந்தும், சிவில் பயன்பாட்டுக்கான டிஜிசிஏ அனுமதி 2017-ல்தான் வந்தது. அலையன்ஸ் ஏர் அதை அசாமின் திப்ருகரிலிருந்து அருணாச்சலத்தின் பாசிகாட்டுக்கு ஓட்டத் தொடங்கியது 2022 ஏப்ரலில். ஒரே தொழிற்சாலை, ஒரே விமானம், நடுவில் முப்பது ஆண்டுகள்.

அதோடு, பழுதுத் தரவு யாருக்குச் சொந்தம் என்பதை இப்போதே எழுத்தில் தீர்க்க வேண்டும். தயாரிப்பாளரிடம் மட்டும் அது சேர்ந்துவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து நம் விமானத்தின் வரலாற்றை நாமே விலை கொடுத்துக் கேட்க வேண்டிவரும். விமானப் படை, டாடா, ஏர்பஸ், செமிலாக், டிஜிசிஏ ஆகிய ஐவரும் பார்க்கக்கூடிய ஒரே பழுதுப் பதிவேடு வேண்டும். அதில் ரகசியப் பகுதியை விமானப் படை மட்டும் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். விபத்து நடந்தால், போர் சம்பந்தமான பகுதிகளை நீக்கிய சுருக்க அறிக்கை குறித்த காலத்துக்குள் நாடாளுமன்றத்தின் முன் வர வேண்டும். கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் மேலும் 15 சி-295 வாங்க 2024-லேயே கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அவற்றின் ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனைகளை எழுத இன்னும் இடம் இருக்கிறது. விலை பேசி முடித்த பிறகு கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் தனி விலை சொல்வார்கள்.